வெளிநாட்டு மாப்பிள்ளையின் பத்திரங்களை யார் பார்ப்பது?

கேள்வி: கொக்குவில் வாசகர், 2025 பெப்ரவரி 9

என் தங்கைக்குச் சுவிசிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் எங்கள் பகுதியில் பலருக்குக் கலியாணம் பேசி முடித்த புரோக்கர். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் விசாரிச்சாச்சு, தங்கமான பிள்ளை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அமெரிக்காவில் மாப்பிள்ளையின் குற்றப் பதிவைப் புரோக்கரே பெண்ணுக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே? இங்கே அப்படி ஏதாவது உண்டா?

பெப்ரவரி 9, இரவு

இல்லை. இலங்கையில் கலியாணப் புரோக்கருக்கென்று தனிச் சட்டமோ உரிமப்பத்திரமோ கிடையாது. அவர் சொன்னது பொய்யென்று பின்னர் தெரிந்தால், மோசடி என்று பொதுச் சட்டத்தின் கீழ் முறையிடலாம். ஆனால் அவர் வாய்ச்சொல்லாகச் சொன்னதை எதைக்கொண்டு நிரூபிப்பது? நான் யாழ்ப்பாண நகரில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறவள். அப்படிப்பட்ட முறைப்பாடு ஒன்று கடைசிவரை போனதை நான் பார்த்ததில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது அமெரிக்காவின் சர்வதேச விவாகத் தரகர் ஒழுங்குபடுத்தல் சட்டம். பெயரில் 2005 இருந்தாலும் கையெழுத்தானது 2006 ஜனவரியில். வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த இரண்டு கொலைகள் அதற்கு வழிகோலின. 1995இல் சியாட்டில் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே பிலிப்பைன்ஸ் பெண்ணொருத்தியைக் கணவர் சுட்டுக் கொன்றார். 2000ஆம் ஆண்டில் கிர்கிஸ்தானிலிருந்து வந்த இளம் மனைவியொருத்தி கொல்லப்பட்டாள். அவளுடைய கணவரின் முந்தைய மனைவியும் வெளிநாட்டுப் பெண்தான் என்பதும், அந்த முந்தைய மனைவி அவருக்கெதிராகப் பாதுகாப்புக் கட்டளை பெற்றிருந்தாள் என்பதும் அவளுக்கு யாரும் சொல்லியிராத விடயங்கள்.

ஆகவே அந்தச் சட்டம் தரகரைப் பிடித்தது. பெண்ணின் தொலைபேசி இலக்கத்தையோ முகவரியையோ அமெரிக்க வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முன், பாலியல் குற்றவாளிகளின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேட வேண்டும். கைது, தண்டனை, பாதுகாப்புக் கட்டளை, முந்தைய திருமணங்கள், பிள்ளைகள் பற்றிய விபரங்களை அவரிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். அவற்றைப் பெண்ணின் தாய்மொழியில் அவளுக்குக் கொடுத்து, அவள் கையெழுத்திட்டுச் சம்மதித்த பின்னரே தொடர்பை ஏற்படுத்த வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் விபரத்தை எவருக்கும் கொடுக்கவே கூடாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 முதல் 25,000 டொலர் வரை தண்டப்பணம், குற்ற வழக்கானால் ஐந்து ஆண்டு வரை சிறை.

பெப்ரவரி 10

"அது இணையக் கொம்பனிகளுக்கான சட்டம், எங்கள் புரோக்கருக்கு எப்படிப் பொருந்தும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சட்டத்தின் வரைவிலக்கணத்தில் தனியாளும் அடங்குவார், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரும் அடங்குவார். பண்பாடு அல்லது மதம் சார்ந்த பாரம்பரிய அமைப்புகளுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அவை இலாபநோக்கமின்றி இயங்க வேண்டும். இரு வீட்டாரிடமும் தரகுப் பணம் வாங்கும் எங்கள் ஆட்கள் எந்த இலாபநோக்கமின்மைக்குள் அடங்குவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். எழுத்தில் பார்த்தால், நியூ ஜேர்சி மாப்பிள்ளைக்குப் பெண் பார்த்துக் கட்டணம் வாங்கும் சுன்னாகத்துப் புரோக்கர் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார். அவரைத் தேடி அமெரிக்க அதிகாரிகள் சுன்னாகம் வரப்போவதில்லை என்பது வேறு விடயம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நிச்சயித்த பெண்ணுக்கான விசாவில் அழைப்பவரின் குற்றப் பதிவைத் தூதரக அதிகாரியே நேர்முகத்தில் பெண்ணிடம் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இங்கே எழுத்து (விவாகப் பதிவு) முடித்து, தாலியும் கட்டி, மனைவி என்ற முறையிலேயே அழைக்கிறார்கள். அந்த வழியில் அவளுக்கு உரிமைகளை விளக்கும் கைநூல்தான் கிடைக்கும், அவருடைய பதிவு கிடைக்காது.

பெப்ரவரி 10, சற்றுப் பின்னர்

பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, பதினோராவதாகப் பொலிஸ் பொருத்தம் ஒன்றையும் சேர்த்தால் என்ன என்று அலுவலகத்தில் கேட்டேன். சட்டத்தரணி ஐயா சிரிக்கவில்லை. "சாத்திரியார் அதற்கும் பரிகாரம் சொல்லிவிடுவார்" என்றார்.

பெப்ரவரி 12

கொக்குவில் தம்பிக்கு: சுவிஸ் என்றால் கேட்க வேண்டிய பத்திரங்கள் இவை. அங்கே வசிப்பவர் தன் குற்றப் பதிவுச் சாற்றை (பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பத்திரத்தை) தானே சிறு கட்டணத்துக்கு எடுக்கலாம். கடன் அறவீட்டு அலுவலகம் கொடுக்கும் சாறு ஒன்றும் உண்டு. கட்டாத கடன், வாடகை, காப்புறுதிக்காக அறவீட்டு நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் அது அதில் வந்துவிடும். அங்கே வீடு வாடகைக்குக் கொடுப்பவர் அதைப் பார்க்காமல் திறப்பைக் கொடுக்கமாட்டார். வீட்டுக்காரன் கேட்பதைப் பெண்ணைப் பெற்றவர் கேட்டால் மட்டும் ஏன் மரியாதைக் குறைவாகிறது? மூன்றாவதாக, அவர் விவாகமாகாதவரா, விவாகரத்தானவரா என்பதைக் காட்டும் குடியியல் நிலைச் சான்றிதழ். இங்கே எழுத்துக்கு அதை எப்படியும் கொண்டுவர வேண்டியிருக்கும். ஆனால் மண்டபம் பதிவுசெய்த பின்னர் அதைப் பார்ப்பதும், சாதகக் குறிப்புப் பார்க்கும்போதே பார்ப்பதும் ஒன்றல்ல.

எல்லாவற்றுக்கும் முன் வதிவிட அட்டையில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். சி என்றால் நிரந்தர வதிவிடம். பி என்றால் ஆண்டுதோறும் புதுப்பிப்பது. சமூக உதவிப்பணத்தில் வாழ்பவராக இருந்தால் மனைவியை அழைப்பது கடினம். எஃப் என்றால் தற்காலிக அனுமதி. அழைப்பதற்குக் காத்திருப்புக் காலமே உண்டு. என் என்றால் அவர் இன்னும் தஞ்சக் கோரிக்கையாளர், மனைவியை அழைக்கும் பேச்சுக்கே இடமில்லை. "சுவிசிலை காட் இருக்கு" என்ற ஒரே வசனத்துக்குள் இந்த நான்கும் அடங்கிவிடும். புரோக்கர் பொய் சொல்லவேண்டிய தேவையே இல்லை, பாருங்கள்.

பெப்ரவரி 13

எதிர்பார்த்த மறுமொழி வந்துவிட்டது: "அப்படியெல்லாம் கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடும்."

முறியலாம். ஆனால் பெண் பக்கத்தில் எதைக் கேட்காமல் விட்டோம்? எங்கள் அலுவலகத்துக்கு வந்த புரோக்கர் ஒருவரின் கொப்பியைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு மட்டை, நடுவில் ரப்பர் வளையம். பெண்களுக்கான பக்கத்தில் பிறந்த நேரம், நட்சத்திரம், உயரம், நிறம், படிப்பு, எத்தனை சகோதரர், எவரெவர் வெளிநாட்டில், காணி எத்தனை பரப்பு, வீடு கல்வீடா, கிணறு நன்னீரா, டொனேசன் (மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கும் காசு) எவ்வளவு என்பது வரை நிரல் போட்டிருந்தது. மாப்பிள்ளைக்கான பக்கத்தில் பெயர், நட்சத்திரம், நாடு, வேலை. வேலைக்கு நேரே பலருக்கு எழுதியிருந்தது "நல்ல வேலை".

என் ஒன்றுவிட்ட தங்கைக்குப் பேசியபோது நானே மாப்பிள்ளையின் சம்பளச் சிட்டையைக் கேட்டேன். பெரியம்மா என்னோடு சில காலம் கதைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள், ஆனால் மாப்பிள்ளை அனுப்பிவைத்தார். அது லண்டன் விசாவுக்கு எப்படியும் தேவைப்படும் பத்திரம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே மனைவியை அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண் இருந்தால் போதும் என்றிருந்ததை 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கிவிட்டார்கள். சம்பளச் சிட்டையைக் காட்ட மறுப்பவர் பெண்ணின் வீட்டாருக்கு மட்டும் மறைக்கவில்லை, விசா அதிகாரிக்கும் காட்ட முடியாதவராக இருக்கக்கூடும்.

பெப்ரவரி 15

இந்த விடயத்தில் எனக்கு உண்மையான ஆதங்கம் ஒன்று உண்டு. அதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் அரசாங்கம் வெளிநாட்டு மாப்பிள்ளையின் பின்னணியை ஒருபோதும் கேட்டதில்லை என்று நினைக்காதீர்கள். 2021 ஒக்டோபரில் பதிவாளர் நாயகம் ஒரு சுற்றறிக்கை விட்டார். வெளிநாட்டுப் பிரசை ஒருவர் இலங்கையரை மணப்பதானால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை வேண்டும், மேலதிக மாவட்டப் பதிவாளர் மூலமே பதிவு நடக்க வேண்டும் என்று அது சொன்னது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. கனடிய, பிரித்தானிய கடவுச்சீட்டு வைத்திருக்கும் எங்கள் பிள்ளைகளும் அதற்குள் அகப்பட்டார்கள். யாரை மணப்பது என்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியா என்று அப்போது எழுந்த கண்டனம் நியாயமானதே. நானும் கண்டித்தவள்தான்.

ஆனால் பின்னர் யோசித்தபோது என்னை உறுத்தியது வேறொன்று. மாப்பிள்ளையின் குற்றப் பின்னணியைக் கேட்டு வாங்கும் பொறிமுறை ஒன்றை அரசு உருவாக்கிவிட்டு, அதை நாட்டின் பாதுகாப்புக்கென்று மட்டும் வைத்துக்கொண்டது. அந்தப் பத்திரம் அமைச்சுக்குப் போனது, பதிவாளரின் கோவைக்குள் போனது. அவரோடு ஒரே வீட்டில் வாழப்போகிறவளின் கைக்கு அதில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அமைச்சின் அனுமதி என்ற பகுதியை முழுதாக எடுத்துவிட்டு, "குற்றப் பதிவுச் சான்றையும் விவாக நிலைச் சான்றையும் மணமகளுக்கு அவளுடைய மொழியில் கொடுத்து, எழுத்துக்கு இரண்டு வாரம் முன்னர் அவளிடம் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும்" என்று ஒரு பந்தியை வைத்தால், அமெரிக்கச் சட்டம் தரகரிடம் எதிர்பார்த்ததை இங்கே பதிவாளரே செய்துவிடலாம். புரோக்கரைத் தேடிப் பிடிக்கவேண்டியதில்லை. இங்கே முடித்து வெளிநாட்டுக்கு அழைக்கும் கலியாணம் பதிவாளரின் மேசைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

பெப்ரவரி 15, இரவு

"தனியாக" என்ற சொல்லை ஏன் போட்டேன் என்று கேட்டவருக்கு: எழுத்து நாளில் பதிவாளர் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேள்வி பெண்ணிடம் கேட்கப்படும், பதில் மாமாவிடமிருந்து வரும்.

பெப்ரவரி 18

"புரோக்கர் தொழிலையே தடைசெய்தால் என்ன?" என்ற யோசனைக்கு முதலில் எனக்கும் சாய்வு இருந்தது. வேறு நாடுகளின் அனுபவத்தைப் படித்த பின்னர் அந்தச் சாய்வு குறைந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் 1990இலேயே பிலிப்பைன்ஸ் பெண்களை வெளிநாட்டவருக்கு மணம்பேசும் தொழிலைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் விளம்பரத்தையும் அஞ்சலையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. இணையம் வந்தபோது அது கைநழுவியது, 2016இல் புதிய சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கம்போடியா 2008இல் வெளிநாட்டவரோடான திருமணங்களையே சில காலம் நிறுத்திப் பார்த்தது. தாய்வான் இலாபத்துக்காகச் சர்வதேசத் திருமணம் பேசுவதைத் தடுத்து, பதிவுசெய்த இலாபநோக்கற்ற சங்கங்களுக்கு மட்டும் இடம் வைத்தது.

தென்கொரியாவின் வழிதான் எங்களுக்கு அண்மையாகப் படுகிறது. அங்கே 2008 முதல் தரகருக்குப் பதிவு கட்டாயம். 2010இல் பூசானுக்கு வந்து எட்டாவது நாளில் ஒரு வியட்நாமிய மணமகள் கணவரால் கொல்லப்பட்டாள். அவருக்கு நீண்டகால மனநோய் இருந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பின்னர் திருமண வரலாறு, உடல்நிலை, வேலை, குற்றப் பதிவு ஆகியவற்றை அத்தாட்சிப்படுத்திய பத்திரமாக இரு தரப்புக்கும் கொடுக்கவேண்டும் என்ற சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

எங்கள் ஊரில் தடை போட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லச் சாத்திரம் தேவையில்லை. நாளைக்கே எல்லாப் புரோக்கரும் "தூரத்துச் சொந்தம்" ஆகிவிடுவார்கள்.

பெப்ரவரி 19

ஒரு திருத்தம். "கனடாவுக்குப் போன பெண் இரண்டு வருடம் அவரோடு இருந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அது 2012 ஒக்டோபரில் வந்த நிபந்தனை. 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். இன்றும் அதைச் சொல்லிப் பெண்களை மிரட்டும் கணவர்களும் மாமிமாரும் இருக்கிறார்கள். இப்போது நிரந்தர வதிவிடத்தோடு போய் இறங்கியவளை, உண்மையான கலியாணமாக இருக்கும்வரை, பிரிந்தாள் என்பதற்காக அனுப்ப முடியாது. அவளைப் பராமரிப்பதாக அழைத்தவர் கொடுத்த மூன்று ஆண்டுப் பொறுப்பும் பிரிவினால் அற்றுப்போவதில்லை.

பிரிந்த பின்னரும் தங்குவதற்கு, சுவிசிலும் ஜேர்மனியிலும் மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்த கணக்கு உண்டு. வன்முறை நடந்திருந்தால் அந்தக் கணக்கைக் கடந்து தங்கலாம். சுவிஸ் இதை 2025 ஜனவரி 1 முதல் மேலும் விரித்திருக்கிறது. அடி வாங்கிக்கொண்டு மூன்று வருடம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதைப் போகிற பெண்ணுக்கு விமானம் ஏறுமுன் யாராவது சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவில் அழைப்பவரின் பொலிஸ் சான்றைக் குடிவரவுத் திணைக்களமே கேட்கிறது. பாரதூரமான குற்றங்கள் இருந்தால் விண்ணப்பித்த பெண்ணுக்குத் தெரிவிக்கவும் முடியும்.

கனடாவைப் பற்றி இன்னொன்று: 2015 ஜூன் 11 முதல், இருவரில் ஒருவர் நேரில் இல்லாமல் செய்யும் கலியாணம் அழைப்புக்குச் செல்லாது. திரையில் மாப்பிள்ளையை வைத்து இங்கே தாலி கட்டும் யோசனையோடு யாராவது வந்தால் கவனம்.

பெப்ரவரி 22

கேள்வி எப்போதும் போன பெண்ணைப் பற்றியே இருக்கிறது. போகாத பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் கோவைகளில் அதிகம் இருப்பவள் அவள்தான். தஞ்சம் பெற்ற மாப்பிள்ளை இலங்கைக்கு வர முடியாது; ஆகவே திருச்சியிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ கலியாணம். சில வாரம் விடுதியில் வாழ்க்கை. அவர் திரும்பிப் போகிறார், இவள் வீட்டுக்கு வருகிறாள். ஸ்பொன்சர் போட்டாச்சு என்கிறார். பிறகு கடிதம் வரவில்லை என்கிறார். பிறகு தொலைபேசியே எடுப்பதில்லை. இவளுக்கு ஊரில் பெயர் "கனடாக்காரன்ரை பெண்சாதி".

பிரித்தானியாவில் இதற்கு அண்மையில் ஒரு வழி திறந்திருக்கிறது. அங்கே மனைவி விசாவில் வாழ்ந்தவளை ஊருக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனால், அதையும் குடும்ப வன்முறையாகக் கொண்டு, வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பிக்க 2024 ஜனவரி 31 முதல் இடமுண்டு. ஆனால் ஒருமுறையேனும் போய் வாழ்ந்தவளுக்கே அது உதவும். போகவே போகாதவளுக்கு இங்கேயுள்ள மாவட்ட நீதிமன்றமும், வன்மமான கைவிடுகை என்ற விவாகரத்துக் காரணமும்தான். இந்தியாவில் வெளிநாட்டு இந்தியரின் திருமணப் பதிவுக்கு 2019இல் ஒரு சட்டமூலம் வைத்தார்கள், நிறைவேறவில்லை. 2024 பெப்ரவரியில் சட்ட ஆணைக்குழு தன் 287ஆவது அறிக்கையில் விரிவான சட்டம் வேண்டும் என்று மீண்டும் சொல்லியிருக்கிறது. எங்களிடம் சட்டமூலமும் இல்லை, அறிக்கையும் இல்லை.

பெப்ரவரி 23

இனி வீட்டு உறுதி. இதைப் பற்றி எழுதாமல் இந்த விடயம் முடியாது, ஏனென்றால் யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டிப்போடுவதில் விசாவுக்கு அடுத்தபடி நிற்பது அவளுடைய சொந்தச் சீதன வீடுதான்.

தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுவழிச் சட்டத்துக்கு) உட்பட்ட பெண்ணுக்கு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன் 6ஆம் பிரிவின்படி அவள் கொண்டுவந்த சொத்து அவளுடைய தனிச் சொத்து. நகையைக் கணவரைக் கேளாமல் விற்கலாம். உயிலும் எழுதலாம். ஆனால் காணியையோ வீட்டையோ உயிருடன் இருக்கும்போது கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண் சீதன உறுதியை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். கணவர் நோர்வேயில், பல ஆண்டுகளாகத் தொடர்பில்லை, அங்கே வேறொருத்தியோடு வாழ்வதாக ஊரார் சொன்னார்கள். தாய்க்குச் சத்திரசிகிச்சை, வீட்டை ஈடுவைக்க வேண்டும். வங்கி உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றைத்தான்: "ஹஸ்பண்டின்ரை சைன் எங்கை?" வீடு அவளுடைய தகப்பனார் மண்ணெண்ணெய்க் கடை வைத்துச் சேர்த்த காசில் கட்டியது. அதில் ஒரு கல்லைக்கூட எடுத்துவைக்காதவரின் கையெழுத்துக்காக அவள் மாவட்ட நீதிமன்றம் ஏறினாள்.

ஏற இடமுண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவர் கைவிட்டிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதமில்லாமலே அதிகாரமளிக்கலாம் என்கிறது. அவளுக்குக் கிடைத்தது. ஆனால் கிடைத்தபோது சத்திரசிகிச்சை கடன்பட்டு முடிந்திருந்தது.

பெப்ரவரி 24

"அப்படியானால் சீதனமாக எழுதாமல் விட்டால்?" என்ற கேள்விக்கு: பல தாய்மார் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். பெண் போய்ச் சேர்ந்து வதிவிட அட்டை கைக்கு வரும்வரை உறுதியைத் தங்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள், அல்லது எழுதினாலும் தங்கள் சீவிய உரித்தை (வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கிவைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுத்தன்றே உறுதியைக் கேட்டு நின்றால் அந்த அவசரமே ஒரு தகவல்.

மாப்பிள்ளை தேசவழமைக்கு உட்படாதவராக இருந்தால், கலியாணம் நிலைத்திருக்கும்வரை பெண்ணையும் தேசவழமை கட்டுப்படுத்தாது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்து விடுமுறைக்கு மட்டும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துபோனவர் தேசவழமை பொருந்தும் யாழ்ப்பாணவாசியா என்பது ஒவ்வொரு வழக்கிலும் சான்றுகளைக் கொண்டு வாதாடவேண்டிய விடயம். இதை நம்பி உறுதி எழுதாதீர்கள். எழுதிய பின்னர் சிக்கல் வந்தால் இதை உங்கள் சட்டத்தரணிக்கு நினைவூட்டுங்கள்.

பெப்ரவரி 26

அற்றோர்னித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வெளிநாடு போகிற அவசரத்தில் மாப்பிள்ளையின் தமையன் பெயருக்குப் பொது அற்றோர்னித் தத்துவம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன பெண்கள் இருக்கிறார்கள். "காணி அலுவல் பார்க்க ஒரு ஆள் வேண்டாமோ" என்பார்கள். வேண்டும்தான், அந்த ஆள் தாயாகவோ சொந்தச் சகோதரமாகவோ இருக்கட்டும், அதிகாரம் வரி கட்டுவதற்கும் வாடகை வாங்குவதற்கும் மட்டும் என்று உறுதியிலேயே எழுதட்டும், விற்கும் அதிகாரத்தை நொத்தாரிசு கட்டாயம் வெட்டிவிடட்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இரத்துப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்து, அதன் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கும் வங்கிக்கும் கொடுங்கள்.

மார்ச் 1

8ஆம் பிரிவு மனுவுக்கு விவாகரத்து வழக்கு முதலில் முடிந்திருக்க வேண்டுமா என்று இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். வேண்டியதில்லை, கலியாணம் நிலைத்திருக்கும்போதே போடும் மனு அது. விவாகரத்து முடிந்த பின்னர் அவருடைய சம்மதமே தேவைப்படாது. மனுவுக்கு எங்கள் அலுவலகத்தில் சேர்ப்பவை: விவாகப் பதிவுச் சான்றிதழ், சீதன உறுதி, தொடர்பில்லை என்பதற்குக் கிராம அலுவலரின் கடிதம், அவருடைய கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பித் திரும்பி வந்த பதிவுத் தபால் உறை. உறையைத் திறக்காமல் அப்படியே வைத்திருங்கள். தபால் திணைக்களத்தின் முத்திரையும் திகதியும் அதில்தான் இருக்கின்றன.